பிரிட்டனில் டிரைவிங் டெஸ்ட்: ஊரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

இந்திய லைசென்ஸோ இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரமோ செல்லுபடியாக இருந்தால், பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் அதை வைத்தே கார் ஓட்டலாம். அந்த 12 மாதம் முடிந்த மறுநாள், இருபது வருடம் ஓட்டியவரும் சட்டத்தின் கண்ணில் லேர்னர்தான். காரின் முன்னும் பின்னும் எல் போர்டு வேண்டும், பக்கத்து சீட்டில் 21 வயது நிரம்பிய, மூன்று வருடமாவது முழு லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் உட்கார வேண்டும். சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா லைசென்ஸ் உள்ளவர்கள் அதைக் கொடுத்து பிரிட்டிஷ் லைசென்ஸாக மாற்றிக்கொள்ளலாம். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. நமக்கு தியரி, பிராக்டிகல் இரண்டும் எழுதித் தேறுவது ஒன்றே வழி.

பலர் சறுக்குவது இந்த மாதக் கணக்கில்தான். ‘ஒரு வருஷம் இருக்கே, மெதுவாகப் பார்க்கலாம்’ என்று விட்டுவிட்டு, பத்தாவது மாதம் விண்ணப்பிக்க உட்காருகிறார்கள். பிராக்டிகல் டெஸ்டுக்குத் தேதி கிடைக்கவே பல இடங்களில் மாதக்கணக்கில் ஆகிறது. கெடு தாண்டியபின் தனியாகக் காரை எடுத்தால் அது லைசென்ஸ் குற்றம் மட்டுமல்ல, இன்சூரன்ஸும் செல்லாமல் போகலாம். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் சாதாரணமாக 300 பவுண்டு அபராதம், 6 பெனால்டி பாயிண்ட். அந்தப் பாயிண்ட்கள் ப்ரொவிஷனல் லைசென்ஸிலேயே, அதாவது ஓட்டிப் பழகுபவருக்குத் தரும் லைசென்ஸிலேயே, ஏறிவிடும். அதனால் வந்து இறங்கி வீட்டு முகவரி உறுதியான முதல் மாதத்திலேயே வேலையைத் தொடங்குங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொருந்தும். வட அயர்லாந்தில் அமைப்பும் விதிகளும் தனி.

முதல் படி: ப்ரொவிஷனல் லைசென்ஸ்

இதைக் கொடுப்பது டிவிஎல்ஏ என்ற அரசு லைசென்ஸ் அமைப்பு. ஆன்லைனில் 34 பவுண்டு, தபாலில் டி1 படிவம் அனுப்பினால் 43 பவுண்டு. பிரிட்டனில் குறைந்தது 185 நாள் தங்க அனுமதி இருக்க வேண்டும், கடந்த மூன்று வருட முகவரிகளைத் தர வேண்டும். ஊர் முகவரியும் இதில் அடக்கம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விசா இப்போது அட்டையாக இல்லாமல் இ-விசாவாக இருப்பதால், அதை மற்றவர்கள் ஆன்லைனில் சரிபார்க்க உதவும் ஷேர் கோடை எடுத்து வைத்திருப்பது நல்லது.

விண்ணப்பிக்கும்போதே கண் பார்வை பற்றிக் கேட்பார்கள். 20 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டை வாசிக்க முடிய வேண்டும். கண்ணாடி போட்டு வாசிப்பவர் என்றால் அதைச் சொல்லிவிட வேண்டும், பிறகு ஓட்டும்போதெல்லாம் அதைப் போட்டிருக்க வேண்டும். இதை வீட்டு வாசலிலேயே இன்றைக்கே சோதித்துவிடலாம். டெஸ்ட் நாளில் முதலில் நடப்பது இதுதான். வாசிக்க முடியாவிட்டால் காரில் ஏறாமலேயே டெஸ்ட் முடிந்துவிடும்.

முதல் 12 மாதத்துக்குள் ப்ரொவிஷனல் வாங்கினாலும், அந்தக் கெடு முடியும்வரை ஊர் லைசென்ஸை வைத்துத் தனியாக ஓட்டும் உரிமை போய்விடாது. இது தெரியாமல் பயந்து தள்ளிப்போடுபவர்கள் நிறைய.

தியரி: சுலபம் என்று நினைப்பவர்களைக் கவிழ்ப்பது

கட்டணம் 23 பவுண்டு. அரசின் இணையதளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். தேடினால் மேலே வரும் தனியார் தளங்கள் அதே இடத்துக்கு அதிகக் காசு வாங்குகின்றன.

முதல் பகுதியில் 50 கேள்விகள், 57 நிமிடம், தேற 43 சரியாக வேண்டும். தேர்வு ஆங்கிலத்திலோ வெல்ஷிலோதான். முன்பு தமிழிலும் குரல் கேட்டு எழுதும் வசதி இருந்தது, 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். பிராக்டிகலிலும் மொழிபெயர்ப்பாளரை அழைத்துப் போக முடியாது. ஆங்கிலம் வாசிப்பது கொஞ்சம் தடுமாற்றம் என்றால், கேள்வியை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டும் ஹெட்ஃபோன் வசதியைப் பதிவு செய்யும்போதே கேட்டு வாங்கலாம். கேட்பது உரிமை, கூச்சப்பட வேண்டாம்.

கேள்விகள் எல்லாம் ஹைவே கோட் என்ற சாலை விதி நூலிலிருந்தும் அதைச் சார்ந்த இரண்டு நூல்களிலிருந்தும் வருகின்றன. நிற்கும் தூரம், டயர் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர், சாலைக் குறிகளின் நிறம், மோட்டார்வே விதி என்று எண்ணாக வருபவற்றை மனப்பாடம் செய்துவிடுங்கள். அனுபவத்தை வைத்து ஊகித்தால் அங்கேதான் கோட்டை விடுவோம்.

இரண்டாம் பகுதி ஹஸார்ட் பெர்செப்ஷன், அதாவது வீடியோ பார்த்து ஆபத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை. 14 வீடியோ, அவற்றில் 15 ஆபத்துகள், மொத்தம் 75 மதிப்பெண், தேற 44. ஒரு ஆபத்து உருவாகத் தொடங்கியதும் கிளிக் செய்தால் 5, தாமதமாக ஆக 4, 3 என்று இறங்கும். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். நடைபாதையில் பந்துடன் ஒரு பையன் நிற்பதைப் பார்த்ததுமே, அனுபவம் அவர்களைக் கிளிக் செய்ய வைக்கிறது. ஆனால் மதிப்பெண் தொடங்குவது அவன் சாலையை நோக்கி நகரும்போது. முன்கூட்டியே செய்த கிளிக்குக்குப் பூஜ்யம். அதனால் சந்தேகம் வந்ததும் ஒரு முறை, அது நிஜமாக நகரத் தொடங்கியதும் இன்னொரு முறை கிளிக் செய்யுங்கள். பயத்தில் தாளம் போட்டதுபோல் அழுத்திக்கொண்டே இருந்தால் கணினி அதை ஏமாற்று என்று எடுத்து அந்த வீடியோவுக்கே பூஜ்யம் போடும்.

இரண்டு பகுதியும் ஒரே நாளில் தேற வேண்டும். தோற்றால் குறைந்தது மூன்று வேலை நாள் கழித்து மறுபடி. தேறினால் அது இரண்டு வருடம் செல்லும், அதற்குள் பிராக்டிகலை முடித்தாக வேண்டும்.

தேதி, இன்ஸ்ட்ரக்டர், வண்டி

தியரி தேறிய அன்றைக்கே பிராக்டிகலுக்குப் பதிவு செய்யுங்கள். வார நாள் 62 பவுண்டு, மாலை, சனி, ஞாயிறு என்றால் 75. கிடைக்கும் தேதி தள்ளி இருந்தாலும் எடுத்து வையுங்கள், மற்றவர்கள் ரத்து செய்யும் இடங்களை அரசுத் தளத்தில் அவ்வப்போது பார்த்து முன்னே கொண்டுவரலாம். டெஸ்டுக்கு முந்தைய பத்து முழு வேலை நாளுக்குள் மாற்றினாலோ ரத்து செய்தாலோ பணம் போய்விடும். சீக்கிரம் கிடைக்கிறது என்று முன்பின் தெரியாத ஊரில் பதிவு செய்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. டெஸ்ட் சென்டரைச் சுற்றியுள்ள ரவுண்டபவுட்களும் பஸ் லேன்களும் பழகியிருந்தால் பாதிப் பதற்றம் குறையும்.

ஆட்டோமேட்டிக்கில் தேறினால் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டலாம், மேனுவலில் தேறினால் இரண்டும். ஊரில் கியர் வண்டியே ஓட்டியவர்கள் மேனுவலில் போவது நல்லது.

சம்பளம் வாங்கிக் கற்றுக்கொடுப்பவர் காரின் முன்கண்ணாடியில் பச்சை நிற பேட்ஜ் ஒட்டியிருப்பார், பயிற்சியில் இருப்பவருடையது இளஞ்சிவப்பு. ஒன்றும் இல்லாதவரிடம் காசு கொடுத்துப் படிப்பது சட்டப்படி தவறு. ஊரில் பத்து வருடம் ஓட்டியவருக்கு இன்ஸ்ட்ரக்டர் எதற்கு என்று கேட்பீர்கள். ஓட்டக் கற்றுக்கொள்ள அல்ல. ஒரு மாதிரி டெஸ்ட் வைத்து, உங்கள் கையும் கண்ணும் தெரியாமல் செய்யும் பிழைகளை எண்ணிச் சொல்ல. முதல் வகுப்பிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள், எத்தனை வகுப்பு தேவை என்று பிறகு தீர்மானியுங்கள். நண்பரின் காரில் பழகுவதானால் லேர்னர் இன்சூரன்ஸ் உங்கள் பெயரில் தனியாக எடுக்க வேண்டும்.

மறக்க வேண்டியவை

இடப்பக்கம் ஓட்டுவது நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான், அது பெரிய ஆறுதல். ஆனாலும் டெஸ்டில் ஒவ்வொரு வருடமும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களே தேறுகிறார்கள். ஊரில் நன்றாக ஓட்டியவர்கள் தோற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஊரில் ஊறிப்போன பழக்கம்.

நம் ஊர் லாரிகளின் பின்புறம் ‘சவுண்ட் ஹாரன்’ என்று எழுதியிருக்கும். பின்னால் வருபவன் ஹாரன் அடித்துத் தன்னைத் தெரியப்படுத்துவான், முன்னால் போகிறவன் முன்னால் பார்த்தால் போதும் என்பது அங்கே எழுதாத ஒப்பந்தம். இங்கே யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். நகரப் பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 வரை அடிப்பது குற்றம், நிற்கும்போதும் அடிக்கக் கூடாது. ஆக ஊரில் காது செய்த வேலையை இங்கே மூன்று கண்ணாடிகள் செய்ய வேண்டும். வேகம் கூட்டும் முன், குறைக்கும் முன், சிக்னல் போடும் முன், திரும்பும் முன், நிற்கும் முன் பார்க்க வேண்டும். பிழைப் பட்டியலில் வருடா வருடம் மேலே நிற்பவை இரண்டு: ஜங்ஷனில் சரியாகப் பார்க்காமை, திசை மாறும்போது கண்ணாடி பார்க்காமை.

ஒரு சாதாரண இடப்பக்கத் திருப்பத்தை எடுத்துக்கொள்வோம். எக்ஸாமினர் ‘டேக் த நெக்ஸ்ட் ரோட் ஆன் த லெஃப்ட்’ என்கிறார். கண் முதலில் நடுக் கண்ணாடிக்கு, பிறகு இடக் கண்ணாடிக்கு. அதன் பிறகே சிக்னல். பிரேக், இரண்டாம் கியர். தெரு வாயை நெருங்கும்போது இடக் கண்ணாடி இன்னொரு முறை, அந்த இடைவெளியில் சைக்கிள் ஒன்று உள்ளே வந்திருக்கலாம். அடுத்து, திரும்பப் போகும் தெருவைக் கடக்க யாராவது காத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். 2022 ஜனவரியில் ஹைவே கோட் மாறியதிலிருந்து, கடக்கக் காத்திருப்பவருக்கும் வழிவிட வேண்டும். திரும்பி முடித்ததும் நடுக் கண்ணாடியை மறுபடி பார்த்து வேகம் கூட்டுங்கள். எழுதினால் நீளம், ஓட்டினால் பத்து நொடி. இதில் சிக்னலைக் கண்ணாடிக்கு முன்னால் போட்டால் அங்கேயே ஒரு பிழை விழுகிறது. கழுத்தைப் பெரிதாக ஆட்டி நடிக்கத் தேவையில்லை, எக்ஸாமினர் உங்கள் கண்ணையே கவனிக்கிறார்.

ஓரத்தில் நின்ற காரை எடுக்கும்போது கண்ணாடிகள் போதாது. வலத் தோளுக்கு மேல் திரும்பி, கண்ணாடியில் தெரியாத பகுதியான பிளைண்ட் ஸ்பாட்டைப் பார்த்த பிறகே சக்கரம் நகர வேண்டும். டெஸ்டில் பல முறை ஓரம் கட்டச் சொல்லி மறுபடி எடுக்கச் சொல்வார்கள், ஒவ்வொரு முறையும் இது வேண்டும்.

அடுத்தது லைட். ஊரில் எதிரே வருபவர் லைட் அடித்தால் ‘நான் வருகிறேன், நில்’. இங்கே பெரும்பாலும் ‘நீ போ’ என்று அடிக்கிறார்கள். விதிப்படி அதற்கு ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. லைட்டை நம்பிக் காரை நகர்த்தாதீர்கள், வழி நிஜமாகவே காலியா என்று பார்த்துப் போங்கள். பாதசாரியைக் கை காட்டிக் கடக்கச் சொல்வதும் வேண்டாம், பக்கத்து லேனில் வேறு வண்டி வந்துகொண்டிருக்கலாம்.

லண்டனின் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கத்துத் தெருக்களில் இருபுறமும் கார்கள் நின்று நடுவில் ஒரு வண்டிக்குத்தான் இடம் இருக்கும். தடை உங்கள் பக்கம் என்றால் நீங்கள்தான் நிற்க வேண்டும். அதுவும் தடையின் வாலை ஒட்டி நிற்காமல், அதற்கு முன்பே இடைவெளி விட்டு நின்றால்தான் எதிர்வண்டி வெளியேறவும் முடியும், நீங்கள் வளைத்து எடுக்கவும் முடியும். மூக்கை நுழைத்து இடம் பிடிப்பது நம் ஊரில் தேவையான திறமை. இங்கே உங்களால் இன்னொருவர் பிரேக் அடிக்கவோ விலகவோ நேர்ந்தால் அந்த ஒரு நொடியில் டெஸ்ட் தோல்வி.

இதைக் கேட்டுவிட்டு நேர்மாறாகப் போகிறவர்களும் உண்டு. காலியாக இருக்கும் ரவுண்டபவுட்டில் நின்று நின்று பார்ப்பார்கள், 60 மைல் அனுமதிக்கும் சாலையில் 40-ல் போவார்கள். அதுவும் தயக்கம் என்று எழுதப்படும். வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு போட்ட பலகை, சாதாரண இருவழிச் சாலையில் 60 மைல், நடுவே தடுப்புள்ள சாலையில் 70 மைல் என்பதைக் குறிக்கும். தெரு விளக்கு வரிசையாக இருந்து வேறு பலகை இல்லையென்றால் 30, வேல்ஸில் 20. லண்டனிலும் பல தெருக்கள் 20, பலகை ஜங்ஷனிலேயே இருக்கும், திரும்பும்போதே கண்ணில் பிடியுங்கள்.

ரவுண்டபவுட்டில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழி. முதல் எக்ஸிட்டுக்கு இட லேன், இட சிக்னல். நேராகப் போக, தரையில் வேறு அம்புக்குறி இல்லையென்றால் இட லேன், நுழையும்போது சிக்னல் இல்லை, உங்களுக்கு முந்தைய எக்ஸிட்டைத் தாண்டியதும் இட சிக்னல். வலப்பக்கம் போக வல லேன், வல சிக்னல், முந்தைய எக்ஸிட்டைத் தாண்டியதும் இடத்துக்கு மாற்றி, இடக் கண்ணாடி பார்த்து வெளியேறுங்கள். ஸ்டாப் பலகையில் சாலை காலியாக இருந்தாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். மஞ்சள் கட்டம் போட்ட ஜங்ஷனில் வெளியேறும் வழி காலியானால் மட்டுமே நுழையலாம். வலப்பக்கம் திரும்ப, எதிர்வண்டிகளுக்காக மட்டும் அதில் காத்திருக்கலாம். சைக்கிளைத் தாண்டும்போது 30 மைல் வேகம்வரை 1.5 மீட்டர் விடுங்கள், அந்த இடம் இல்லையென்றால் பொறுமையாகப் பின்னால் வாருங்கள்.

டெஸ்ட் நாள்

ப்ரொவிஷனல் அட்டையை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் முன்பே போய்விடுங்கள். அட்டை இல்லாமல் போனால் டெஸ்ட் கிடையாது, பணமும் திரும்பாது. சொந்தக் கார் என்றால் இன்சூரன்ஸ், டாக்ஸ், தேவையென்றால் எம்ஓடி என்ற வண்டித் தகுதிச் சான்று, இரண்டு எல் போர்டு, எக்ஸாமினருக்கு ஒட்டும் கூடுதல் கண்ணாடி எல்லாம் இருக்க வேண்டும். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் வண்டியை ஏற்க மாட்டார்கள். டயர் காற்று குறைந்ததற்கான விளக்குகூடப் போதும், முந்தின இரவே பார்த்துவிடுங்கள்.

நம்பர் பிளேட் வாசித்ததும் வண்டி பற்றி ஒரு ‘டெல் மீ’ கேள்வி: பிரேக் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள், டயர் அழுத்தம் எங்கே தெரியும் என்பது போல. ஓட்டும்போது ஒரு ‘ஷோ மீ’: பின்கண்ணாடியைக் கழுவிக் காட்டுங்கள், டிமிஸ்டரைப் போடுங்கள் என்று. இரண்டும் தவறானாலும் ஒரே ஒரு சிறு பிழைதான். பதில் தேட ஸ்விட்சையே பார்த்துக்கொண்டு சாலையை விட்டுவிடுவதுதான் ஆபத்து.

ஓட்டம் ஏறத்தாழ 40 நிமிடம். அதில் ஒரு பகுதி நேரம் நீங்களாகவே சாட்நாவ் என்ற வழிகாட்டும் கருவியையோ பலகைகளையோ பார்த்துப் போக வேண்டும். வழி தவறினால் பிழை இல்லை, தவறிய வழியில் பாதுகாப்பாகப் போனால் போதும். கடைசி நொடியில் லேன் பாய்ந்து திருத்துவதுதான் தோல்வி. எக்ஸாமினர் சொன்னது புரியவில்லையென்றால் ‘குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்’ என்று எத்தனை முறையும் கேட்கலாம். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சாலை போகும் நேர்வழியே போகச் சொல்வதாக அர்த்தம்.

ரிவர்ஸ் வேலை ஒன்று உண்டு: சாலையோரம் ஒரு காரின் பின்னால் நிறுத்துவது, பார்க்கிங் கட்டத்தில் நிறுத்துவது, அல்லது வலப்பக்கம் ஓரம் கட்டி இரண்டு கார் நீளம் பின்னால் போய் மறுபடி சாலையில் சேர்வது. மூன்றிலும் மார்க் போவது கோணலுக்கு அல்ல, சுற்றிப் பார்க்காததற்கு. நகரும் முன் முழுச் சுற்றும் ஒரு பார்வை, பின்னால் போகும்போது பின்கண்ணாடி வழியாகவே பார்வை, யாராவது நெருங்கினால் நிறுத்திக் காத்திருங்கள். கோணலானால் முன்னே எடுத்துச் சரிசெய்யலாம். வலப்பக்கம் நின்றதிலிருந்து கிளம்பும்போது இடத் தோளுக்கு மேல் பார்க்க வேண்டும், பழக்கத்தில் எல்லோரும் வலப்பக்கமே திரும்புகிறார்கள். எமர்ஜென்சி ஸ்டாப் சிலருக்கு மட்டும் வரும். நிறுத்திய பிறகு இருபுறமும் பார்த்து எடுக்க மறக்காதீர்கள்.

வண்டி ஆஃப் ஆனால் தோல்வி என்பது பொய். ஜங்ஷன் நடுவில் பதறாமல், கிளட்ச் மிதித்து, சுற்றிப் பார்த்து, எடுத்துப் போங்கள். ஸ்டீயரிங்கில் கை குறுக்கே போனாலும் வண்டி கட்டுப்பாட்டில் இருந்தால் அதற்கென்று பிழை கிடையாது. பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால் மட்டும் சிவப்பு விளக்கைத் தாண்டி வழிவிடாதீர்கள், அது நல்ல மனதோடு செய்யும் தோல்வி.

சிறு பிழை 15 வரை இருந்தாலும் தேர்ச்சி. சீரியஸ் அல்லது டேஞ்சரஸ் என்று எழுதப்படும் பெரும் பிழை ஒன்று வந்தாலும் தேர்ச்சி இல்லை. ஒரே சிறு பிழையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதையே சீரியஸாக எழுதலாம். அதனால் நடுவில் ‘போச்சு’ என்று மனதுக்குள் கணக்குப் போடாதீர்கள், நீங்கள் பயந்த பிழை பல நேரம் எழுதப்பட்டிருக்கவே மாட்டாது.

தோற்றால் பத்து வேலை நாள் கழித்துத்தான் மறு டெஸ்ட். முடிவு சொல்லும்போது இன்ஸ்ட்ரக்டரையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள், பதற்றத்தில் உங்கள் காதில் விழாதது அவர் காதில் விழும்.

தேறினால் அந்த நிமிடமே எல் போர்டைக் கழற்றித் தனியாக ஓட்டலாம், முழு லைசென்ஸ் பொதுவாகத் தபாலில் தானாக வரும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மட்டும் உடனே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். லேர்னர் பாலிசி பல நேரம் தேறிய நொடியோடு முடிந்துவிடும். அடுத்த இரண்டு வருடத்தில் 6 பாயிண்ட் சேர்ந்தால் லைசென்ஸ் ரத்தாகி, ப்ரொவிஷனலிலிருந்து தியரியும் பிராக்டிகலும் மறுபடி. ஊரில் எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும் இந்த இரண்டு வருடக் கணக்கு பிரிட்டனில் தேறிய நாளிலிருந்துதான் தொடங்குகிறது. ஓட்டும்போது கையில் ஃபோன் எடுத்தால் ஒரே நாளில் 6 பாயிண்ட்.